அடுப்படியில் நிற்பவருக்கான செயலி

(அறக்கட்டளையின் கணினிப் பயிற்சி நிறைவு நாளில், சமையல் குறிப்புச் செயலி உருவாக்கத் தொடங்கியிருக்கும் மாணவ மாணவியரிடையே ஒரு சகோதரி ஆற்றிய உரை)



நம் ஊர் வீடுகளின் சமையல் குறிப்புகளைத் திரட்டி ஒரு கைப்பேசிச் செயலி செய்யப்போகிறீர்கள் என்று கேட்டு மகிழ்ந்தேன். செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் தொழில். அதனால்தான் என்னைப் பேசச் சொன்னார்கள். நிரல் எழுதும் முறையை உங்கள் ஆசிரியர்கள் கற்றுத் தந்துவிட்டார்கள். அதைப் பயன்படுத்தப்போகிறவர் யார், எந்த நிலையில் நின்று பயன்படுத்துவார் என்பதை மட்டும் நான் பேசுகிறேன்.

சமையல் குறிப்புக்கு இன்று பஞ்சமில்லை. யூடியூபில் பிரியாணி என்று தேடினால் காணொளிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. இருந்தும் பள்ளிக்கூட வேலை முடிந்து மாலை 5 மணிக்கு வீடு திரும்பும் ஒரு சகோதரி, சந்தேகம் வந்தால் உம்மாவுக்குத்தான் போன் போடுகிறார். காரணம் எளிது. "உம்மா, தேங்காய்ப்பால் எப்ப ஊத்தணும்?" என்று கேட்டால் உம்மா அதற்கு மட்டும் பதில் சொல்வார். விளம்பரம் காட்ட மாட்டார், பெயரைப் பதிவு செய்யச் சொல்ல மாட்டார். உங்கள் செயலி போட்டி போடவேண்டியது அந்தப் போன் அழைப்போடு.

அடுப்படியில் நிற்பவரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் மீன் வாடை, இன்னொரு கையில் அகப்பை. இடுப்பில் ஒரு குழந்தை. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது. கைப்பேசி இரண்டு முழம் தள்ளி மாடத்தில் சாய்ந்து நிற்கிறது. இந்த நிலையில் திரை அணைந்துபோனால் கையைக் கழுவித் துடைத்து, பூட்டைத் திறந்து, விட்ட இடத்தைத் தேட வேண்டும். அதற்குள் வெங்காயம் கருகிவிடும். சமைக்கும்போது திரை அணையாமல் வைக்க ஆண்ட்ராய்டில் ஒரே ஒரு வரி நிரல் போதும். அந்த ஒரு வரியை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

விரலால் தொடும் இடம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லும் அளவு. சாதாரணப் பயன்பாட்டுக்கு அது போதும். மாவு ஒட்டிய விரலுக்கும், முழங்கையால் தட்டுகிறவருக்கும் போதாது. "அடுத்து" என்ற பொத்தானைத் திரையின் அடியில் முழு அகலத்துக்கும் வையுங்கள். எழுத்து இரண்டு முழத் தூரத்திலிருந்து படிக்கும்படி பெரிதாக இருக்கட்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பெரிய எழுத்தில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் அடங்கும். ஆகவே ஒரு திரையில் ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள்.

இப்போது குறிப்பை எழுதும் முறைக்கு வருவோம். புத்தகத்தில் மேலே பொருள் பட்டியல் இருக்கும், கீழே செய்முறை இருக்கும். காகிதத்தில் இரண்டும் ஒரே பார்வையில் தெரியும். கைப்பேசியில் அப்படியே போட்டால், "இஞ்சி பூண்டு விழுதைச் சேர்க்கவும்" என்று படித்ததும் எவ்வளவு என்று பார்க்க மேலே தள்ள வேண்டும், பிறகு கீழே வர வேண்டும். அளவைச் செய்முறைக்குள்ளேயே எழுதிவிடுங்கள். "2 தேக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது போட்டு, பச்சை வாடை போகும்வரை வதக்கவும்." இதில் அளவும் இருக்கிறது, எப்போது நிறுத்துவது என்ற அடையாளமும் இருக்கிறது. நிமிடத்தை மட்டும் எழுதினால் போதாது. ஒவ்வொரு வீட்டு அடுப்பின் தீயும் வேறு. பாத்திரத்தின் கனமும் வேறு. வாடை போவது, எண்ணெய் பிரிவது, நிறம் மாறுவது எந்த வீட்டிலும் ஒன்றுதான்.

நேரத்தில் இன்னொரு விஷயம். "20 நிமிடத்தில் தயார்" என்று போட்டிருப்பார்கள். பட்டியலைப் பார்த்தால் "பொடியாக நறுக்கிய வெங்காயம் 6, துருவிய தேங்காய் ஒரு மூடி" என்றிருக்கும். நறுக்குவதும் துருவுவதும் யார் வேலை? அந்த நேரம் கணக்கில் வரவே இல்லை. வீட்டு வேலையைக் கணக்கில் எடுக்காத பழக்கம் நம் செயலிக்குள்ளும் வரவேண்டாம். தோல் உரிப்பதிலிருந்து பாத்திரத்தை இறக்குவது வரை உள்ள முழு நேரத்தையும் போடுங்கள். 20 நிமிடம் என்று நம்பி இறங்கி ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்ட சகோதரி, அடுத்த முறை உங்கள் செயலியைத் திறக்கமாட்டார்.

நோன்புக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது சமைப்பவர் கேட்பது "இது எத்தனை நிமிடம்?" என்பதல்ல, "எத்தனை மணிக்கு ஆரம்பிக்கணும்?" என்பதுதான். மக்ரிப் 6.30 என்றால், கஞ்சி 6.15க்கு இறங்க வேண்டும். கொதித்து வேக 45 நிமிடம், நறுக்கித் தாளிக்க 30 நிமிடம். ஆக, 5 மணிக்கு அடுப்படிக்குள் நுழைய வேண்டும். அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் முக்கால் மணி நேரம் ஊற வேண்டுமென்றால் 4.45க்குள் தண்ணீரில் போட்டாக வேண்டும். இந்தக் கணக்கைச் செயலி போட்டு, 4.45க்கு ஒரு மணி அடித்து நினைவூட்டினால், பகலில் சற்றுக் கண் அயர நினைக்கும் நோன்பாளிக்கு எவ்வளவு நிம்மதி! சஹருக்கும் இதே கணக்குதான். ரமலான் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாட்கள் முன்னால் நகர்ந்து வருவதால், ஊரின் மக்ரிப் நேரத்தை அந்தந்த நாளுக்கு எடுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும்.

நான்கு பேருக்கான குறிப்பைப் பன்னிரண்டு பேருக்கு மாற்றுவதும் நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும். பொத்தானைத் தட்டினால் எல்லாவற்றையும் மூன்றால் பெருக்குவது சுலபம். ஆனால் சமையல் அப்படி நடப்பதில்லை. அரிசியும் கறியும் மூன்று மடங்காகலாம். தண்ணீர் ஆவியாவது பாத்திரத்தின் வாயைப் பொறுத்தது. அதை அப்படியே மூன்று மடங்காக்கினால் சோறு குழைந்துவிடும். உப்பையும் மிளகாய்த்தூளையும் குறைத்துப் போட்டு, சுவை பார்த்துக் கூட்ட வேண்டும். வெங்காயம் வதங்க அதிக நேரம் ஆகும். ஆகவே பெரிய அளவுக்கான குறிப்பை, ஊரில் விருந்துக்கு ஆக்கும் பண்டாரிகளிடம் கேட்டுத் தனியாக எழுதுங்கள்.

சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் "கறி" என்றால் இறைச்சி. வேறு சில வீடுகளில் அது காய்கறிப் பதார்த்தம். நாம் "ஆணம்" என்போம், பக்கத்து ஊரில் "குழம்பு" என்பார்கள். சோம்பும் பெருஞ்சீரகமும் ஒன்று. மல்லியும் தனியாவும் ஒன்று. யார் எந்தச் சொல்லைத் தட்டினாலும் குறிப்பு கிடைக்க வேண்டும். ஆனால் திரையில் நம் ஊர்ச் சொல்லை முதலில் வைத்து, பொதுச் சொல்லைப் பக்கத்தில் போடுங்கள். துபாயிலும் ரியாத்திலும் அறை எடுத்துக் கூட்டாகத் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளும் இதைத் திறப்பார்கள். அவர்களிடம் ஒரே ஒரு அடுப்பு, இரண்டு பாத்திரம்தான் இருக்கும். "ஒரே பாத்திரத்தில் ஆகக்கூடியவை" என்று ஒரு பிரிவு அவர்களுக்குப் பெரிய உதவி.

இணையம் இல்லாமலும் செயலி வேலை செய்ய வேண்டும். ஒரு தமிழ்க் குறியீடு சேமிப்பில் 3 பைட் பிடிக்கும். 2000 குறியீடுள்ள ஒரு குறிப்புக்கு 6 கிலோபைட். அப்படி 500 குறிப்புகள் வைத்தாலும் 3 மெகாபைட்தான். இதை முழுவதுமாகக் கைப்பேசியிலேயே வைத்துவிடலாம். காணொளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சமையல் செயலிக்கு உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு? அந்த அனுமதியைக் கேட்காதீர்கள். கேட்கும் செயலிகளுக்குக் கொடுக்கவும் கொடுக்காதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023-இல் நம் நாட்டில் சட்டமே வந்திருக்கிறது. குறிப்புத் தரும் சகோதரிகளில் பலர் பெயரோ படமோ வெளியாவதை விரும்பமாட்டார்கள். பெயர் போடலாமா, வேண்டாமா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். குரலைப் பதிவு செய்தால், எழுதி முடித்தபின் அதை வைத்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள்.

இனி, மிக முக்கியமான பகுதி. குறிப்புகள் எங்கிருந்து வரும்? நம் உம்மம்மாக்களிடமிருந்து. அவர்கள் கணக்கு கைப்பிடி, சிட்டிகை, உழக்கு, படி. எடை அளவுகளை மெட்ரிக் முறைக்கு மாற்றும் சட்டம் 1956-இல் வந்தது. ஆனாலும் அடுக்களையில் உழக்கு போகவில்லை. 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 4 உழக்கு ஒரு படி என்பது வாய்ப்பாடு. ஆனால் படியின் அளவே ஊருக்கு ஊர் வேறு. "எவ்வளவு உப்பு உம்மம்மா?" என்றால் "தேவைக்குப் போடு" என்பார். அவர் மறைத்துச் சொல்லவில்லை; அவர் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. எனவே கேட்காதீர்கள், நிறுத்துப் பாருங்கள். ஒரு சிறிய தராசை எடுத்துப் போங்கள். உப்பு ஜாடியைச் சமையலுக்கு முன் நிறுங்கள், முடிந்தபின் நிறுங்கள். குறைந்த எடைதான் அவர் போட்ட உப்பு. மிளகாய்த்தூள், மல்லித்தூள், எண்ணெய் எல்லாவற்றுக்கும் இப்படியே. அவர் வேலைக்கு இடைஞ்சல் இல்லை, அளவும் கிடைத்துவிடும்.

1951-இல் மீனாட்சி அம்மாள் "சமைத்துப் பார்" நூலை வெளியிட்டார். அளவும் முறையும் தெளிவாக எழுதியிருந்ததால், பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லாத பெண்களும் அதைப் பார்த்துச் சமைத்தார்கள். அது அவர்கள் வீட்டுச் சைவச் சமையல். கீழக்கரைத் தொதலும் காயல்பட்டினத்துக் களறிக்கறியும் நம் வீட்டு வட்டலப்பமும் அதே கவனத்தோடு எழுதப்பட வேண்டாமா? மூத்தவர் ஒருவர் மவுத்தாகும்போது, அவர் கைப்பக்குவமும் அவரோடு போய்விடுகிறது. பிறகு பெருநாளன்று "உம்மம்மா வைத்த மாதிரி இல்லையே" என்று சொல்லிக்கொண்டு சாப்பிடுகிறோம்.

செயலியைச் செய்து முடித்ததும் வெளியிட அவசரப்படாதீர்கள். ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று, இத்துறையின் அறிஞர் யாக்கோப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஐந்து வீடுகளுக்குப் போங்கள். பிள்ளைகளே, அங்கே போய் விளக்கம் சொல்லக் கூடாது. ஓரமாக நின்று பாருங்கள். எத்தனை முறை கையைத் துடைத்தார், எத்தனை முறை மேலே தள்ளிப் பார்த்தார், எந்த இடத்தில் "இது என்ன?" என்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் தடுமாறினால், அது திரையில் உள்ள குறை. அதைத் திருத்திக்கொண்டு மறுபடியும் போங்கள்.

இந்த வாரமே தொடங்கலாம். ஒவ்வொருவரும் ஒரு மூத்தவர், ஒரு பதார்த்தம், ஒரு தராசு. அறுபது பேர் இருக்கிறீர்கள். ஒரே வாரத்தில் அறுபது குறிப்புகள் கிடைத்துவிடும். ஆண் பிள்ளைகளும் போக வேண்டும். வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே எழுதினால் உம்மம்மாவின் துஆவும் கிடைக்கும்.

உங்கள் முயற்சிக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.