பையைச் சுமக்கும் பூச்சி

கிள்ளான், பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் ஓலைக்கு அடியில் தொங்கும் சிறு பைகள், மெத்திசா பிளானா என்ற அந்துப்பூச்சியின் வீடுகள். புழு ஓலைத் துணுக்குகளைத் தன் பட்டு நூலால் கோத்துப் பை கட்டி, அதைச் சுமந்தபடியே ஓலையைத் தின்கிறது.

ஆண் பூச்சிக்குச் சிறகு உண்டு, பெண்ணுக்கு இல்லை. அது பைக்குள்ளேயே முட்டையிட்டு மடிகிறது. இளம் புழுக்கள் நூலில் தொங்கிக் காற்றோடு அடுத்த மரம் சேர்கின்றன. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இந்த இனம் உண்டு.

1960-களில் மருந்து அடிக்க அடிக்கப் புழு பெருகியது. புழுவை அழிக்கும் குளவிகளையும் மருந்து கொன்றதே காரணம். 2013-இல் பைப்புழுக்களை ஆபத்தான பயிர்ப்பூச்சிகளாக அரசாங்கம் அறிவித்தது. தோட்ட ஓரங்களில் மஞ்சள் பூச்செடிகளை நடுவது அந்தக் குளவிகளுக்குத் தேன் கிடைக்கத்தான். அவற்றைக் களை என்று பிடுங்கிவிடாதீர்கள்!