பேச்சு, மொழிச் சிகிச்சைக் கல்வி: பட்டத்தோடு நின்றுவிட வேண்டாம்

(ஆண்டு விழாவின் கல்வி வழிகாட்டி அமர்வில் நிகழ்த்திய உரை)

 

மேல்நிலைத் தேர்வு முடிந்ததும் மருத்துவம், பொறியியல் என்னும் இரு வாசல்களையே நாம் நோக்குகின்றோம். பலரும் எட்டிப் பாராத மற்றொரு வாசல் உண்டு. அதுவே பேச்சு, மொழி மற்றும் செவித்திறன் துறை. பக்கவாதத்தால் பேச்சிழந்த பெரியவர், திக்கிப் பேசும் இளைஞர், பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்த குழந்தை, உணவை விழுங்க இயலாத நோயாளி ஆகியோருக்குத் துணை நிற்பவர்கள் இத்துறையினரே.

மேல்நிலையில் அறிவியல் பயின்றோர் சேரக்கூடிய இப்பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள் கொண்டது. இறுதி ஆண்டு முழுவதும் பயிற்சிக்காலம். 1965ஆம் ஆண்டு மைசூரில் தொடங்கப்பெற்ற அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இதில் முன்னோடி. சென்னைப் போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திராவிலும் இதனைக் கற்கலாம். பட்டம் பெற்றோர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்த பின்னரே தொழில் புரியலாம். அடுத்து ஈராண்டு முதுநிலை. அதன்பின் முனைவர் பட்டம். கல்லூரி ஆசிரியப் பணிக்கு முதுநிலைப் பட்டம் இன்றியமையாதது.

அந்த மேற்படிப்பையே நாம் இன்று வலியுறுத்த விரும்புகின்றோம். ஊசி போடுபவர் எம்மொழி பேசினாலும் மருந்து வேலை செய்யும். இத்துறையிலோ மொழியே மருந்து. ஆங்கிலக் குழந்தைக்கென அமைத்த சோதனையை மொழிபெயர்த்தால் அது தமிழ்ச் சோதனை ஆகிவிடாது. 'வால்', 'வாள்' என்னும் ஒலி வேறுபாடு தமிழில் பொருளையே மாற்றும். ஆங்கிலத்தில் அவ்வேறுபாடு இல்லை. 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தது' என வினைமுற்றே பாலைக் காட்டுவதும் அங்கில்லை. வீட்டில் 'வந்துட்டான்' என்று கேட்டு வளரும் பிள்ளையை 'வந்துவிட்டான்' என்னும் நூல்வழக்கால் அளந்தால், குறையில்லாத பிள்ளையும் குறையுள்ளதாகத் தோன்றும்.

நம் வீடுகள் சிலவற்றில் உருதுவும், தெருவில் தமிழும், பள்ளியில் ஆங்கிலமும் வழங்குகின்றன. பல மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை. மெய்யான மொழிக்குறைபாடு இருந்தால் அது பிள்ளை பேசும் எல்லா மொழிகளிலும் வெளிப்படும். இதனைப் பிரித்தறியாவிடில் ஒரு பிள்ளைக்கு வேண்டாத சிகிச்சையும், மற்றொரு பிள்ளைக்கு வீண் காலதாமதமும் நேரும். இம்மொழிகளில் வளரும் பிள்ளைகள் எந்த வயதில் எதைப் பேசுவர் என ஆய்ந்து, அளவுகோல் அமைத்து, அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்போர் வேண்டும். அம்மொழிகளை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் அப்பணிக்கு மிகவும் ஏற்றவர்கள்.

பட்டம் பெற்றதும் வேலை, திருமணம் எனக் குடும்பச் சூழல் இழுப்பதை நாம் அறிவோம். ஆகவே பெற்றோர்களே, மகளாயினும் மகனாயினும் மேலும் பயில விரும்பினால் தடுக்காதீர்கள். ஜமாஅத்தின் கல்வி உதவி முதல் பட்டத்தோடு நில்லாமல் முதுநிலைக்கும் ஆய்வுக்கும் நீளட்டும். நம் ஊரிலிருந்து ஒருவர் இத்துறையில் பேராசிரியராக உயர்ந்தால், அவரிடம் பயின்றோர் பல ஊர்களில் பல பிள்ளைகளைப் பேச வைப்பர்.

இன்ஷா அல்லாஹ், அந்நாள் விரைவில் வரட்டும்.