நாள்தோறும் நான்கு சுற்று



சூரிய நமஸ்காரத்தைத் தொடங்கியவர்களை எந்த ஊரிலும் எளிதில் காணலாம்; ஓராண்டு கழித்தும் விடாது செய்துவருபவரைத் தேடித்தான் காணவேண்டும். புத்தாண்டு பிறந்த வாரத்தில் வாங்கிய விரிப்பு, மாசி மாதத்திற்குள் சுருட்டப்பட்டுக் கதவு மூலையில் நிற்பது பல இல்லங்களில் உள்ள காட்சியே. பயிற்சி கடினமானது என்பதன்று இதற்குக் காரணம். பன்னிரண்டு நிலைகளையும் ஒரு வாரத்தில் எவரும் கற்றுக்கொள்ளலாம். அதனை நாளின் எந்த இடத்தில் வைப்பது, எந்த அளவில் வைப்பது என்பதைக் கற்பதே அரிது. இவ்வுரை அதனைப் பற்றியது.

இப்பயிற்சி வேதகாலம் தொட்டு இன்றைய வடிவிலேயே வந்தது என்று மேடைகளில் முழங்குவது வழக்கமாகிவிட்டது. கதிரவனை வணங்கும் மரபு மிகப் பழையது என்பதில் ஐயமில்லை. ஆயின், மூச்சோடு இணைத்து ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் இத்தொடர் பழைய ஹடயோக நூல்களில் இல்லை. ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விளக்குகிறது. கேரண்ட சம்ஹிதை 32 கூறுகிறது. அவற்றுள் சூரிய நமஸ்காரம் இடம்பெறவில்லை. பிரதீபிகைக்குப் பிரம்மானந்தர் 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஜ்யோத்ஸ்னா என்னும் உரையில் அப்பெயர் வருகிறது. ஆனால், எவ்வாறு வருகிறது? உடலை வருத்தும் செயல்களை யோகப் பயிற்சியாளர் விலக்கவேண்டும் என்று சொல்லும் இடத்தில், மிகுந்த எண்ணிக்கையில் சூரிய நமஸ்காரம் செய்வதையும் பெருஞ்சுமை தூக்குவதையும் அவர் எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். பயிற்சியை அவர் பழித்தார் அல்லர். அளவு கடத்தலையே பழித்தார். எண்ணிக்கைப் போட்டி நடத்துவோர் அவ்வரியை ஒருமுறை படித்துவிட்டுப் போட்டியை அறிவித்தால் நன்று.

இன்று நாம் அறியும் வடிவம் பரவுதற்குப் பெருங்காரணமாக இருந்தவர் ஓர் அரசர். மராட்டிய நாட்டில், இன்றைய சாத்தாரா மாவட்டத்தில், ஔந்த் என்றொரு சிறு சமஸ்தானம் இருந்தது. அதனை 1909 முதல் ஆண்டவர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி. 1868-இல் பிறந்த அவர் ஓவியர். கலைப்பொருள்களைத் திரட்டி அருங்காட்சியகம் அமைத்தவர். 1939-இல் காந்தியடிகளின் அறிவுரையோடு ஆட்சியுரிமையைத் தம் குடிமக்களிடமே ஒப்படைத்தவர். அரசு துறந்த அரசர்களைக் காப்பியங்களில் படித்துப் பழகிய நமக்கு, நம் காலத்தை ஒட்டி வாழ்ந்த இவரைப் பற்றிய நினைவு இல்லாதது வருந்தத்தக்கதே.

அவர் இளமையில் ஈடுபட்டது சூரிய நமஸ்காரத்தில் அன்று. அக்காலத்தில் உலகெங்கும் பெயர் பரவியிருந்த உடற்பயிற்சி வல்லுநர் யூஜின் சாண்டோவின் நூலையும் கருவிகளையும் வாங்கி, சுமார் பத்தாண்டுகள் அம்முறைப்படியே பயின்றார். பின்னர், மிரஜ் சமஸ்தானத்து அரசர் அறிவுறுத்தவே சூரிய நமஸ்காரத்திற்கு மாறினார். மாறியபின் அதன் தூதராகவே ஆனார். தம் நாட்டுப் பள்ளிகளில் அதனைப் பாடமாக்கினார். 1928-இல் அதைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். இங்கிலாந்துப் பத்திரிகையாளர் லூயிஸ் மார்கன் அம்மையார் பதிப்பித்து 1938-இல் இலண்டனில் வெளிவந்த நூலில், இப்பயிற்சி பத்து நிலைகளாகக் கூறப்படுகிறது. இன்று பரவலாகக் கற்பிக்கப்படுவது பன்னிரண்டு. நம் ஊர்ச் சிலம்பக் கூடங்களில் எடுத்த தண்டாலை அறிந்தவர்கள், இத்தொடரின் நடுப்பகுதியில் அதன் சாயலைக் கண்டுகொள்வர்.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கது அந்தப் பத்தாண்டு. சாண்டோவின் முறையை அரசர் கைவிட்டார். அதற்கென ஒதுக்கிய வேளையைக் கைவிடவில்லை. உடம்பு எழுந்து நிற்கும் நேரம் முன்னரே அமைந்திருந்தது. அதனுள் வைத்த பொருள்தான் மாறியது. ஆகவே புதிய பயிற்சி அவருக்கு எளிதில் நிலைத்தது. நம்மில் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம். எம்முறை சிறந்தது, எந்த ஆசிரியர் சிறந்தவர், எத்தனை நிலைகள் சரியானவை என்று ஆராய்வதிலேயே ஊக்கம் தீர்ந்துவிடுகிறது. வேளை அமைவதே இல்லை.

பழக்கம் ஒன்று படிவதற்கு 21 நாள் போதும் என்பது ஊரறிந்த சொல். அதன் மூலம் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960-இல் எழுதிய நூல். முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தம் புதிய முகத்திற்குப் பழகக் குறைந்தது 21 நாளேனும் ஆகிறது என்று அவர் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் உதிர்ந்துபோயிற்று. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தருகிறது. ஒரு செயல் தானாக நிகழும் நிலையை எட்டப் பெரும்பாலும் 66 நாள் அளவில் ஆயிற்று. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபடும் எனக் கணக்கிட்டனர். தண்ணீர் குடிப்பது போன்றவை விரைந்து படிந்தன; உடற்பயிற்சிக்கு நாள் கூடுதலாயிற்று. இடையே ஒருநாள் தவறியது பழக்கத்தைக் குலைக்கவில்லை என்பதும் அவர்கள் கண்டது. மூன்று வாரத்தில் உடம்பு தானே எழவில்லை என்று மனம் தளர்ந்து விட்டவர்கள், விடத்தகாத இடத்தில் விட்டவர்கள் ஆவர்.

அவ்வாய்வில் கலந்துகொண்டோர் புதிய செயலை நாள்தோறும் நிகழும் ஒன்றோடு இணைத்துக்கொண்டனர். ‘நேரம் கிடைக்கும்போது’ என்பது நேரமன்று. ‘பல் துலக்கிய பின்’ என்பது நேரம். இரவுணவு தவிர்க்கும் நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதி இயல்பாகவே உண்டு. இப்பயிற்சிக்கு வெறுவயிறு வேண்டும். பொழுது சாயுமுன் உண்டு முடித்தவரின் வயிறு விடியலில் ஒழிந்தே இருக்கும். குறித்த வேளையில் சாமாயிகம் அமர்ந்து பழகிய பெரியோர்க்கு, வேளையைக் காப்பது இன்னதென எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதற்கு முன்னோ பின்னோ பத்து நிமிடம் சேர்ப்பதே செய்யத்தக்கது. கதிரவனின் பன்னிரு பெயர்களைச் சொல்லித்தான் செய்யவேண்டுமோ எனச் சிலர் தயங்குவதுண்டு. பெயர் சொல்லாமல் மூச்சை மட்டும் எண்ணிச் செய்பவர்கள் எங்கும் உள்ளனர். பஞ்ச நமஸ்காரத்தை மனத்துள் ஓதிக்கொண்டும் செய்யலாம். தசைகள் பேதம் பார்ப்பதில்லை.

இடமும் மாறாதிருத்தல் நலம். விரிப்பை முதல்நாள் இரவே எடுத்து வைத்துவிடலாம். விரிப்பது காலையில் ஆகட்டும். இருட்டோடு தொடங்குபவர் விளக்கேற்றித் தரையை மென்மையாகக் கூட்டிவிட்டு விரிக்கவேண்டும். உள்ளங்கையும் முழங்காலும் மார்பும் தரையில் படிகிற பயிற்சி இது. மழைக்காலத்தில் எறும்பு எங்கிருந்து வரும் என்று சொல்ல இயலாது.

இனி எண்ணிக்கை. வலக்காலைப் பின்னிட்டு ஒருமுறை, இடக்காலைப் பின்னிட்டு ஒருமுறை எனக் கொண்டால் ஒரு முழுச்சுற்று. முதல் மாதம் நாளுக்கு இரண்டு சுற்று, பின் நான்கு. நான்கு சுற்றை விரையாது செய்தாலும் பத்து நிமிடத்திற்கு மேல் ஆகாது. மார்பு விரியும் நிலைகளில் மூச்சு உள்ளே வரவேண்டும். வயிறு மடியும் நிலைகளில் வெளியே செல்லவேண்டும். இந்த ஒன்றை நினைவில் கொண்டால் பன்னிரண்டு நிலைக்கும் தனித்தனியே மனப்பாடம் வேண்டா. மூச்சு இரைக்கத் தொடங்கினால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். ஐந்தாவது சுற்றுக்கு ஆசை இருக்கும்போதே நிறுத்துவது நல்லது; அந்த ஆசை மறுநாள் காலையில் எழுப்பும். ஒரே நாளில் 108 சுற்று செய்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு, மறுவாரம் முழுதும் தைலம் தேய்ப்போர்க்குப் பிரம்மானந்தரின் உரையே மறுமொழி.

அறுபதைக் கடந்தோர் சிலவற்றில் கண்டிப்பாக இருத்தல் வேண்டும். கண்ணில் நீரழுத்த நோய் உள்ளவர்க்குத் தலை தாழும் நிலைகளில் கண்ணழுத்தம் உயர்கிறது. எலும்பு தேய்ந்து மெலிந்தவர்க்கு முதுகை வளைத்து முன்குனிதல் தீங்கு தரக்கூடும். கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், இதயநோய், குடலிறக்கம், தலைசுற்றல் உடையோர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கலாகாது. இவற்றைக் கேட்டுத் தெளிவது கோழைமை அன்று. மனவலிமையால் நோயை வென்றதாகச் சொல்லும் கதைகளை மேடைகளில் கேட்டு மகிழலாம். விரிப்பின்மேல் அவற்றை நம்பலாகாது.

மற்றொன்றும் சொல்லாமல் விடுதற்கில்லை. ஒருவர் விடியலில் பத்து நிமிடம் தமக்கென எடுத்துக்கொள்ளும்போது, அவ்வீட்டில் அடுப்பை மூட்டி நிற்பவர் யார்? பெரும்பாலும் அவர் மனைவி. நாற்பது ஆண்டு நின்று சமைத்த கால்களுக்கும் குனிந்து பெருக்கிய முதுகுக்கும் இப்பயிற்சி கணவரினும் மிகுதியாகத் தேவை. வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்பது ஆண்கள் கட்டிய வாதம். பாத்திரம் துலக்கும்போது ஒருவர் கையும் தலைக்குமேல் உயர்வதில்லை, மார்பும் விரிவதில்லை. ஔந்த் அரசர் இதில் தெளிவாக இருந்தார்: பெண்களுக்கும் இப்பயிற்சி உரியது என வலியுறுத்தினார், அரசியாரும் பயின்றார். ஆதலின் காலைப் பாலைக் காய்ச்சுவது யார் என்று முறை வகுத்துக்கொள்ளாத வீட்டில், ஒருவரின் பயிற்சி மற்றொருவரின் சுமையால் நடப்பதாகிவிடும். இருவரும் அடுத்தடுத்துச் செய்தால் மற்றொரு பயனும் உண்டு: ஒருவர் சோம்பும் நாளில் மற்றவர் விரித்த விரிப்பு அழைக்கும்.

திருமணம், பயணம், காய்ச்சல், ஐப்பசி மழை எனத் தடைகள் வரத்தான் செய்யும். தவறிய நாளின் சுற்றுகளை மறுநாள் சேர்த்துச் செய்வது வேண்டா. தசைப்பிடிப்புக்கு அதுவே வாயில். காய்ச்சலுக்குப் பின் இரண்டு சுற்றிலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும். தரையில் படிய இயலாத நாளில் சுவரெதிரே நிற்கலாம். கைகளை உயர்த்தி மூச்சை உள்ளிழுத்து, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்கி மார்பைச் சுவரருகே கொணர்ந்து, மெல்லத் தள்ளி நிமிர்ந்து, கைகூப்பினால் ஒரு சுற்று. நாற்காலியிலிருந்து எழ மற்றவர் கையை நாடுபவர் அமர்ந்தபடியே கைகளை மட்டும் உயர்த்தித் தாழ்த்தலாம். வழக்கமான அதே வேளையில், அதே இடத்தில் அதனைச் செய்யவேண்டும்.