எது பக்கம்: சென்னையா, திருச்சியா?



வாழ்த்துரை சொல்லத்தான் அழைத்தார்கள். நானோ ஒரு கணக்கோடு வந்திருக்கிறேன். மலரில் இதை வாசிக்கும் நீங்களும் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ஆகாய வழியில் சுமார் 2,600 கிலோமீட்டர். நம் தோட்டத்துப் பெரியவர்கள் கணக்கில் 1,600 கட்டை. ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் போகிறது என்றால் மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டாமா? அட்டவணையில் நான்கு மணி என்று போடுகிறார்களே! விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரும்போதே நேரம் ஓடத் தொடங்கிவிடும். தரையில் ஊர்வது, மேலே ஏறுவது, இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் சேர்த்தி.

இனி கடிகாரத்தைப் பாருங்கள். காலை 9.00 மணிக்கு இங்கே புறப்பட்டால் அங்கே இறங்கும்போது காலை 10.30. "ஒன்றரை மணி நேரந்தானா சார்?" என்று கேட்பீர்கள். திரும்பும்போது இரவு 11.00 மணிக்குக் கிளம்பினால் இங்கே விடிகாலை 5.30. அப்போது ஆறரை மணி! இரண்டுமே நான்கு மணி நேரப் பயணந்தான். நம் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. 1982 சனவரி முதல் தேதி தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதற்குமுன் வித்தியாசம் இரண்டே மணிதான். தாத்தா பாட்டி அப்படிச் சொன்னால் சிரிக்காதீர்கள்.

அந்தத் தாத்தாக்களின் தலைமுறை கப்பலில் வந்தது. 1926-இல் கட்டிய 'ரஜூலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். பின்னர் ஓடிய 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அத்தோடு அந்தப் பயணிக் கப்பல் ஓட்டமும் நின்றது. அந்தக் காலத்தில் ஊரில் தகப்பனார் தவறிவிட்டார் என்று தந்தி வந்தால், லயத்து வாசலில் உட்கார்ந்து அழுவதுதான் முடியும். கொள்ளி வைக்க யாரால் போக முடிந்தது? கப்பல் கரை சேருமுன் காரியமே நெருங்கிவிடும்.

இன்றைக்குப் போகலாம். ஆனால் எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பது? முசிறிப் பக்கம் ஒரு சாவு என்று வையுங்கள். சென்னையைவிடத் திருச்சி நமக்குச் சுமார் 60 கிலோமீட்டர் தூரம் அதிகம். ஆகாயத்தில் அது சில நிமிடந்தான். கணக்குக்காக இரண்டு விமானமும் காலை 9.00 மணிக்கே கிளம்பட்டும். லிங்கியிலிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னதாக இருக்கச் சொல்வார்கள். ஆக விடிகாலை 5.00 மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

சென்னையில் இறங்கி, பெட்டி எடுத்து, பஸ் பிடித்து 300 கிலோமீட்டருக்கு மேல் போகணும். வீட்டு வாசலை மிதிக்கும்போது விளக்கு வைத்திருப்பார்கள். பொழுது சாயுமுன் எடுத்திருப்பார்கள். திருச்சியில் இறங்கினாலோ பகல் ஒரு மணி வாக்கில் வீட்டில் இருக்கலாம், முகம் பார்க்கலாம்.

வரைபடத்தில் அடிக்கோல் வைத்தால் சென்னைதான் பக்கம். ஏஜெண்டும் டிக்கெட் மலிவு என்று அதையே காட்டக்கூடும். நீங்கள் பஸ் நேரத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து அப்பாவிடம் சொல்லுங்கள். அவசரத்தில் பெரியவர்களுக்குக் கணக்கு ஓடாது.

இன்னொன்று. நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானத்தின் தேதி மறுநாள் தேதி. டிக்கெட்டில் 12-ஆம் தேதி 12.30 என்றிருந்தால், 11-ஆம் தேதி இரவே நிலையத்தில் இருக்க வேண்டும். விசாவும் கையில் இருக்க வேண்டும்.