மருத்துவ ஆராய்ச்சியும் சர்க்கார் மான்யமும்

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வருஷந்தோறும் இம்மேடையில், மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்ற நம் குலத்துப் பிள்ளைகளுக்குப் பொன்னாடை போர்த்தி மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சி நியாயமானதே. தறிக்குழியில் இறங்கிக் கால் மரத்துப்போகும்வரை நெய்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் இன்று நாடி பார்க்கிறார்கள். அதற்காக எத்தனை தாய்மார்களின் நகை அடகுக்குப் போயிற்று என்பதை இச்சபை அறியும். ஆயினும், நமது மாதப் பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்குங்கால் ஒரு குறை நம் கண்ணில் பட்டது. டாக்டர் பட்டம் பெற்றோரின் ஜாபிதா நீண்டு கிடக்கிறது. நோயின் காரணத்தைத் தேடும் ஆராய்ச்சியில் இறங்கியோருக்கோ ஒரு ஜாபிதாவும் இல்லை. இக்குறை ஏன் நேர்ந்தது, அதைப் போக்கச் சர்க்கார் அளிக்கும் மான்யங்கள் எவ்வாறு உதவும் என்பதைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

மான்யம் என்றதும் சிலர் தர்மம் என்று எண்ணுகிறார்கள். சிலர் கடன் என்று அஞ்சுகிறார்கள். அது இரண்டும் அன்று. மக்களுக்குப் பயன்படும் ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காகப் பொதுப்பணத்திலிருந்து அளிக்கப்படும் முதலே மான்யம். நம் நாட்டில் அதற்கு நெடிய சரித்திரம் உண்டு. 1911-ஆம் ஆண்டில் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் நிறுவப்பட்டது. 1918-இல் குன்னூரில், ஒரே ஓர் அறையில், பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையை மக்காரிஸன் என்னும் வைத்தியர் தொடங்கினார். அவ்வோரறையே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய போஷாக்கு நிலையமாக நிற்கிறது. நிதிச் சங்கமோ 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கௌன்சில் என்று பெயர் பெற்றது. விதை சிறிதென்று எவரும் இகழலாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய ஆராய்ச்சியால் ஏழைக் குடிகளுக்கு என்ன பயன் என்று கேட்பீர்களாயின், இரண்டு வரலாறுகளைச் சொல்லுவோம்.

முதலாவது, நமது சென்னையில் நிகழ்ந்தது. க்ஷயரோகம் கண்டால் நோயாளியை வீட்டைவிட்டுப் பிரித்து, சானடோரியத்தில் வைத்து, ஓய்வும் நல்லுணவும் கொடுத்தாலன்றிப் பிழைக்கமாட்டார் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகளோ மிகச் சில. மருந்து புதிதாக வந்திருந்தது. அம்மருந்தை வீட்டிலிருந்தே உட்கொண்டால் என்ன? இதுதான் கேள்வி. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கௌன்சில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கௌன்சில் ஆகிய நான்கும் கூடிச் சேத்துப்பட்டில் ஒரு நிலையம் கண்டன. 193 நோயாளிகளை, எவருடைய விருப்பத்துக்கும் இடமின்றிக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நெரிசல் மிக்க அவர்தம் சிறு வீடுகளிலும், மற்றப் பிரிவினரைச் சானடோரியத்திலும் ஓராண்டு வைத்து, ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தோர் குறைந்த உணவுண்டும், கூடுதலாக உழைத்தும், சானடோரியத்திலிருந்தோரைப்போலவே குணமடைந்தனர். வீட்டாருக்கும் அதனால் அதிகமாக நோய் பரவவில்லை. மருந்தை ஒழுங்காக உட்கொள்வதே முக்கியம் என்பது விளங்கிற்று. உலகெங்கும் க்ஷயரோக வைத்தியத்தின் போக்கே அதனால் மாறிற்று.

இரண்டாவது, ஜார்க்கண்ட் ராஜ்யத்தில் நிகழ்ந்தது. மருந்து நோயாளியைக் குணமாக்கும். ஆனால் அவ்வீட்டில் அரைவயிறு உண்டு வாழும் மற்றவர்களைக் காப்பது எது? இக்கேள்வியை மங்களூரிலுள்ள ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆசிரியர்களான அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்னும் தம்பதிகள் முன்வைத்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கௌன்சிலின் பொருளுதவியுடன் 2019-இல் தொடங்கிய அம்முயற்சியில், நான்கு ஜில்லாக்களில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேர் பங்கு கொண்டனர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள் அளிக்கப்பட்டது; ஒரு பிரிவில் மட்டும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுக்கப்பட்டன. அவ்வாறு பெற்ற வீடுகளில், புதிதாகக் க்ஷயம் காண்பது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது என்று 2023-இல் வெளியிட்டனர்.

இவ்விரண்டு வரலாறுகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. கேள்வி பிறந்த இடம் அரண்மனையன்று, ஏழையின் வீடு. எவ்வீட்டில் நோய் இருக்கிறதோ அவ்வீட்டைக் கூர்ந்து நோக்கியவர்களே நற்கேள்வியைக் கண்டெடுத்தார்கள். சர்க்கார் மான்யமும் ஆளுக்கன்று, குலத்துக்கன்று. நல்ல கேள்விக்கே அளிக்கப்படுகிறது.

நம் வீடுகளில் அத்தகைய கேள்விகள் இல்லையா? நம்மவரில் பலர் கைத்தறியை விட்டு நூல் மில்லுக்குச் சென்று இரண்டு தலைமுறை ஆகின்றன. புளோ ரூமிலும் கார்டிங் பகுதியிலும் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்கள், வார விடுமுறை கழித்து மீண்டும் வேலைக்குச் செல்லும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவதாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிஸினோஸிஸ் என்று வைத்தியர்கள் பெயரிட்ட பஞ்சு நோய் இதுவே. நாட்பட்டால் அது மாறாத மூச்சுத் திணறலாக முடியும். 1966-இல் ஆமதாபாத்தில் கௌன்சில் நிறுவிய தொழில் சுகாதார நிலையம் இந்நோயை ஆராய்ந்துள்ளது. ஆயினும் நம் ஊர் விசைத்தறிக் கொட்டகைகளில், எந்த வேலைக்கு எவ்வளவு தூசி, எத்தனை பேருக்கு மூச்சு, எத்தனை பேருக்குக் காது மந்தம் என்று தறிக்காரரிடம் உட்கார்ந்து கேட்க நம் பிள்ளைகளைவிடத் தகுதியுள்ளவர் யார்? அவர்களுக்குத் தறியின் ஓசையும் தெரியும், நோயின் பெயரும் தெரியும்.

இனி, உள்ள வழிகளைச் சொல்லுவோம். மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதே ஆராய்ச்சியில் பழகுவதற்கென, கௌன்சில் 1979-இல் ஒரு குறுங்கால உபகாரச் சம்பளத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் இரண்டு மாத காலத்தில் ஒரு சிறு ஆராய்ச்சியை முடித்து அறிக்கை தருதல் வேண்டும். விஞ்ஞானத்தில் எம்.எஸ்ஸி. முடித்தோர் தேர்வெழுதி இளநிலை ஆராய்ச்சியாளர் ஆகலாம். அவர்களுடைய மாதச் சம்பளத்தை மத்திய சர்க்கார் 2023-இல் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தினர். கல்லூரிகளில் நிலையான பதவியிலிருக்கும் ஆசிரியர்களும் வைத்தியர்களும் கௌன்சிலிடம் ஆராய்ச்சித் திட்டங்களுக்கு மான்யம் கேட்கலாம். 2007-இல் அமைந்த சுகாதார ஆராய்ச்சித் துறையில், குடும்பக் காரணத்தால் பணியை இடையில் விட்ட பெண்மணிகள் ஆராய்ச்சிக்குத் திரும்புவதற்கென்றே ஓர் உதவி உண்டு. மருந்தோ கருவியோ புதிதாகச் செய்ய முனைவோருக்கு, 2012-இல் நிறுவிய பைராக் என்னும் ஸ்தாபனம் பதினெட்டு மாதங்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை அளிக்கும் திட்டமொன்றை நடத்தி வந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிதியம் என்பதும் தோன்றியுள்ளது. இவற்றின் நிபந்தனைகளும் தொகைகளும் அவ்வப்போது மாறுவன. ஆதலின் அந்தந்த ஸ்தாபனத்தின் அறிவிப்பை நேரில் படித்தே விண்ணப்பித்தல் வேண்டும். பிறர் வாய்ச்சொல்லை நம்பலாகாது.

இவ்விடத்தில் ஒரு கசப்பான செய்தியைச் சொல்லாமல் விடுவது உண்மைக்கு மாறாகும். நம் குலத்து இளம் வைத்தியர் ஒருவர் மான்யத்துக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. "சிபார்சு செய்ய நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்று நம் பெரியோர் வருந்தினர். நாமும் அவ்வாறே எண்ணினோம். பின்னர் அவ்விண்ணப்பத்தை வாங்கிப் படித்தோம். ஒரே விண்ணப்பத்தில் நான்கு கேள்விகள் இருந்தன. எத்தனை நோயாளிகளைப் பார்த்தால் முடிவு உறுதிப்படும் என்னும் கணக்கு இல்லை. முன்னர் பிறர் செய்த ஆராய்ச்சிகளைப் பற்றி அரைப்பக்கங்கூட இல்லை. குறை சிபார்சில் இல்லை, விண்ணப்பத்திலேயே இருந்தது.

ஆனால் அதோடு நின்றால் அப்பிள்ளைக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். பெரிய ஸ்தாபனங்களில் பயில்வோருக்கு அடுத்த அறையில் புள்ளிவிவர நிபுணர் இருக்கிறார். விண்ணப்பத்தைத் திருத்தித் தர அநுபவசாலியான ஆசிரியர் இருக்கிறார். முன்பு வெற்றி பெற்ற விண்ணப்பத்தின் நகல் இருக்கிறது. சிற்றூர்க் கல்லூரியிலிருந்த நம் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. வாசல் எல்லோருக்கும் திறந்திருப்பது மெய்தான். வாசல்வரை வரும் பாதை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. அப்பாதையைச் செப்பனிடுவதே சங்கத்தின் கடமை.

ஆதலின் மூன்று யோசனைகளை இச்சபையின் முன் வைக்கிறோம். முதலாவது, நமது கல்வி நிதியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, விண்ணப்பம் எழுதுவோருக்குப் புள்ளிவிவர நிபுணரின் கூலியையும், நூலகத்துக்குச் சென்றுவரும் பிரயாணச் செலவையும் கொடுத்தல் வேண்டும். இரண்டாவது, ஆராய்ச்சித் துறையில் அநுபவமுள்ளோரை, எக்குலத்தவராயினும், ஆண்டுக்கு இருமுறை அழைத்து, விண்ணப்பங்களைத் தாக்ஷண்யமின்றித் திருத்தச் செய்தல் வேண்டும். மூன்றாவது, பணச் செலவில்லாதது. அதுவே கடினமானதும் ஆகும். "ஆராய்ச்சி செய்து எப்போது சம்பாதிப்பாய்? கல்யாணம் எப்போது?" என்று பெண்ணையும் பிள்ளையையும் துரத்தும் வழக்கத்தை நாம் விடவேண்டும். ஆராய்ச்சியின் பலன் நாலைந்து வருஷங்கள் கழித்தே தெரியும். பாவு ஓட்டி முடிக்குமுன் புடவை எங்கே என்று கேட்பவர் நெசவை அறியாதவர்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மான்யம் பெறுவோர் மக்களைக் கருவியாகக் கொள்ளலாகாது. நெறிமுறைக் குழுவின் அநுமதியும், பங்கு கொள்வோர் விஷயத்தை விளங்கிக்கொண்டு தரும் சம்மதமும் இன்றி ஒரு துளி ரத்தமும் எடுத்தல் கூடாது. மருந்துப் பரிசோதனைகள் அனைத்தும், 2007-இல் ஏற்பட்ட இந்தியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதியப்படல் வேண்டும் என்பது 2009 முதல் விதி. தறிக்காரர் நம்மவர்தாமே என்னும் உரிமையால் இவற்றைத் தளர்த்துதல் பெருந்தவறாகும்; நம்மவர் என்பதாலேயே கூடுதலாகக் காக்கவேண்டும். பெற்ற பணத்துக்கும் காசு தவறாமல் கணக்குக் கொடுக்கவேண்டும். அது வரி செலுத்திய ஏழையின் பணம்.

சகோதரர்களே! க்ஷயரோகக் கிருமி குலங்கோத்திரம் விசாரித்து வருவதில்லை. பஞ்சுத் தூசியும் அவ்வாறே. நம் பிள்ளைகள் காணும் விடையும் நமக்கு மட்டும் உரியதாகாது. மூச்சுத் திணறும் ஒவ்வொருவருக்கும் உரியதாகும். அடுத்த ஆண்டு இம்மேடையில், இடம் கிடைத்த பிள்ளைகளோடு, கேள்வி கேட்டு மான்யம் பெற்ற ஒரு பிள்ளைக்காவது பொன்னாடை போர்த்தும் பாக்கியம் நமக்குக் கிட்டுமாக. அதற்கு வேண்டிய தீர்மானத்தை இன்றே நிறைவேற்றுமாறு இச்சபையை வணக்கத்துடன் வேண்டி, நமது உரையை முடித்துக்கொள்கிறோம்.