மருமக்கள்வழியும் ஒரு பள்ளியாசிரியரும்



கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையைக் குழந்தைக் கவிஞர் என்று கூறி முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 1876-இல் தேரூரில் பிறந்தவர். 36 ஆண்டுகள் ஆசிரியர். ஓய்வுக்குப்பின் புத்தேரியில் வாழ்ந்தவர். கல்வெட்டு ஆராய்ச்சியும் செய்தார்.

அந்நாளில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்தது. அங்குள்ள வேளாளரிடையே ஒருவன் சொத்து அவன் மகனுக்குச் சேராது. உடன்பிறந்தாள் மகனையே சேரும். கணவன் கண்மூடினால் மனைவி மக்கள் கதியற்று நிற்பர். அக்குடியிலேயே பிறந்த ஆசிரியர் இதனைக் கண்டனக் கட்டுரையாக எழுதவில்லை. ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒருத்தியைப் பேசவிட்டார். நாஞ்சில் நாட்டுப் பேச்சும் பழமொழியும் மாமியார் ஏச்சும் அப்படியே பாட்டில் ஏறின. தலங்களின் பெருமைக்குரிய ‘மான்மியம்’ என்னும் சொல்லை ஒரு சீர்கேட்டுக்குச் சூட்டிய குறும்பு ஒன்றே போதும்! ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ 1917-18-இல் ‘தமிழன்’ இதழில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. நகைப்புக்குள்ளானவர்கள் அவர் சுற்றத்தாரே; அவர்களோடுதான் அவர் அன்றாடம் வாழவேண்டியிருந்தது.

1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. மக்களுக்கும் உரிமை கிட்டியது. பாட்டே சட்டத்தைக் கொணர்ந்தது என்பது மிகை. சீர்திருத்தம் நாடியோர் பலர் உழைத்திருந்தனர். எனினும், சட்ட வாசகத்தில் ‘மனைவி’ என்றும் ‘மக்கள்’ என்றும் மட்டுமே குறிக்கப்பெற்றவர்கள், இப்பாட்டில்தான் வாய்திறந்து அழுதார்கள், ஏசினார்கள், கணக்குக் கேட்டார்கள்.