கேட்காததை எங்கே எழுதுவது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வேலை செய்யும் இடத்தில் ஊழியர் மனநிலையை அளப்பது எப்படி?" என்று பேசச் சொல்லி நம் செயலாளர் உத்தரவு. முப்பது வருடம் பர்சனல் டிபார்ட்மெண்டில் குப்பை கொட்டியவனுக்கு இந்தத் தண்டனை!

நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு புகார் நோட்டு தொங்குமே, ஞாபகம் இருக்கிறதா? பெயர், ரூம் நம்பர் எல்லாம் எழுத வேண்டும். வார்டன் படிப்பார். ஆகவே "சாம்பார் அருமை" என்று எழுதிவிட்டு, வெளியே வந்து திட்டுவோம். நான் அதிகாரியானதும் அதே நோட்டைத்தான் அச்சடித்துக் கொடுத்தேன். 1994-இல் எங்கள் தொழிற்சாலையில் 20 கேள்விகள்; மேலே டோக்கன் நம்பர். சராசரி ஐந்துக்கு நாலரை! எம்.டி. கை குலுக்கினார்.

அடுத்த மாதமே, 22 வருட சர்வீஸ் உள்ள ஒரு டர்னர் ராஜினாமா கொடுத்தார். "எல்லாத்துக்கும் திருப்தின்னுதானே டிக் போட்டிருந்தீங்க?" என்றேன்.

"நீங்க கேட்டதுக்குப் பதில் எழுதினேன் சார். கேக்காததை எங்க எழுதறது?"

புது ஃபோர்மேன் வந்து மூன்று வருடமாகிறதாம். அவரை ஒரு நாள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். "ஏய்"தானாம். நான் எவ்வளவு சொல்லியும் அவர் நிற்கவில்லை.

சிகாகோவை அடுத்த ஹாதார்ன் என்ற இடத்தில், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளைப் பலரும் படித்திருப்பீர்கள். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்த கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. 1928-இல் தொடங்கி 20,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பேட்டி கண்டார்கள். முதலில் கையில் கேள்விப் பட்டியல். தொழிலாளிகளோ கேள்வியை விட்டுவிட்டு வேறெதையோ பேசினார்கள். 1929-இல் பட்டியலை ஓரங்கட்டிவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்க ஆரம்பித்தார்கள். அரை மணிப் பேட்டி ஒன்றரை மணியாக நீண்டது.

இதை நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவன்தான். டர்னர் போன பிறகுதான் புரிந்தது.

மறுவருடம் டோக்கன் நம்பரை எடுத்தேன். கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டேன். சராசரி மூன்றுக்கும் கீழே போயிற்று. எம்.டி. முகத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். காலிப் பக்கத்தில் நான் படித்த முதல் வரி: பாக்கிங் செக்‌ஷன் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்கிறாள்.

அன்று மாலைக்குள் தச்சரை அனுப்பித் தாழ்ப்பாள் போட்டாயிற்று. பிறகு பழைய தாள்களைப் புரட்டினேன். முந்தின வருடம் "கழிப்பறை வசதி" என்ற கேள்விக்கு அதே செக்‌ஷன் போட்டிருந்த மார்க், ஐந்துக்கு நாலு.